டிவி நிகழ்ச்சியை வீட்டிலேயே குறைந்த செலவில் பதிவு செய்ய: பினாங்கு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மாமா மகள் ஒரு தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியில் பரதம் ஆடினாள். நான்கே நிமிடம். குளுகோரில் எங்கள் வீட்டு டிவியின் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, டிவியிலேயே இருந்த பதிவு வசதியைக் கொண்டு அதைப் பிடித்து வைத்தோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா போட்டுக் காட்டுவார். அடுத்த ஆண்டு ஒரு மாலை இடி விழுந்து டிவியின் போர்டு போனது. புதுப் போர்டு மாற்றியதும் டிவி ஓடியது. ஆனால் அந்த டிஸ்க்கைச் செருகினால் 'ஃபார்மெட் செய்யவா' என்று மட்டும் கேட்டது. கணினியில் செருகிப் பார்த்தோம், அங்கும் திறக்கவில்லை. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. நடனம் அதற்குள்தான் இருந்தது, எங்களால் எடுக்க முடியவில்லை.

அதிலிருந்து, டிவி பதிவுக்கு என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பதிவான ஃபைல் உங்கள் கைக்கு வருமா, அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடுமா? விலை, பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, வீட்டில் இருப்பவர்கள் எதையெல்லாம் தவறவிடுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்த நிகழ்ச்சி, எந்த அலைவரிசை, எத்தனை மணி, பார்த்துவிட்டு அழித்துவிடலாமா அல்லது வைத்துக்கொள்ள வேண்டுமா. இந்த நான்கும் போதும்.

எங்கள் வீட்டில் அப்படி எழுதியபோது பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிட்டது. ஆர்டிஎம் நிகழ்ச்சிகள் பலவற்றை ஆர்டிஎம் கிளிக் தளத்தில் காசு கொடுக்காமல் பின்னால் பார்க்கலாம். ஆஸ்ட்ரோ சந்தா உள்ள வீட்டில் பல தொடர்கள் ஆன் டிமாண்டில் கிடைக்கின்றன. இப்படிக் கிடைப்பதைப் பதிவு செய்ய ஒரு பெட்டி வாங்குவது வீண் செலவு. மிச்சம் நின்றவை மூன்றே வகை: அம்மா பாயான் லெப்பாஸ் வேலையிலிருந்து திரும்பும் முன் முடிந்துவிடும் தமிழ்ச் செய்தி, டிவி2-இல் வரும் தமிழ் நாடகம், தைப்பூசம் போன்ற நேரடி ஒளிபரப்பு. இணையத்தில் சில நாளில் காணாமல் போகிற நிகழ்ச்சிகளையும் நம் வீட்டு மனிதர்கள் திரையில் வரும் நிகழ்ச்சிகளையும் கட்டாயம் பதிவு செய்துவிட வேண்டும்.

வீட்டுக்கு டிவி எந்த வழியாக வருகிறது?

நம் நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முழுமையாக நின்றுபோனது. இப்போது இலவச அலைவரிசைகள் மைடிவி என்ற சேவை வழியாக டிவிபி-டி2 (சுருக்கமாக டி2) என்ற டிஜிட்டல் முறையில் வருகின்றன. யூஎச்எஃப் ஏரியல் ஒன்றும், டி2 டிகோடரோ டி2 உள்ளேயே பொருத்திய டிவியோ இருந்தால் போதும். மாதக் கட்டணம் கிடையாது.

பழைய விசிஆரையும் டிவிடி ரெக்கார்டரையும் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் உள்ள அனலாக் டியூனருக்கு இனி பிடிக்க எதுவும் இல்லை. டிகோடரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கம்பிகளை அவற்றில் செருகி இன்றும் பதிவு செய்யலாம்தான். ஆனால் படம் மங்கும், டிகோடரில் அலைவரிசையை நீங்களே மாற்றி வைக்க வேண்டும். கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது, அதனால் பழுதானால் மாற்றுப் பாகம் தேடுவதும் கஷ்டம். அதைப் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் வழி வரும் கட்டண அலைவரிசைகள் பூட்டப்பட்டவை. அந்த நிறுவனம் தரும் பதிவு வசதியைத்தான் பயன்படுத்த முடியும், பதிவும் அந்தச் சந்தாவோடு கட்டுண்டது. பார்த்துவிட்டு அழிக்கிற தொடர்களுக்கு அது நல்ல வசதிதான். ஏற்கெனவே மாதாமாதம் கட்டுகிறீர்கள் என்றால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். பதிவுக்காக மட்டும் புதிதாகச் சந்தா எடுக்க வேண்டாம். இன்னொன்று, கனமழை. தட்டு வழியாக வரும் சிக்னல் சாயங்கால மழையில் அறுந்துபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பதிவு ஓடும்போது அறுந்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். யூஎச்எஃப் ஏரியலுக்கு மழையால் இந்தத் தொல்லை இல்லை.

நான்கு வழிகளில் எது?

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது யுஎஸ்பி பதிவு வசதி உள்ள டி2 டிகோடர். நூற்றைம்பது வெள்ளிக்குள் பெட்டியை முடித்துவிடலாம். நல்ல பெட்டிகள் நிகழ்ச்சியை வந்தபடியே டிஎஸ் (.ts) என்ற சாதாரண வீடியோ ஃபைலாக எழுதும். பென்டிரைவைக் கழற்றிக் கணினியில் செருகினால் விஎல்சி என்ற இலவசச் செயலி அதை அப்படியே ஓட்டும். கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். "அண்ணே, இதுல பதிவு பண்ணது லேப்டாப்புல ஓடுமா?" என்று கேளுங்கள். "ஓடும் தம்பி" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். கையோடு ஒரு பென்டிரைவ் கொண்டுபோய் இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொல்லி, கடைக்காரரின் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். கொம்தார், பிராங்கின் மால் பக்கத்துக் கடைகளில் இப்படிக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இணையத்தில் வாங்குவதானால், பதினைந்து நாளுக்குள் திருப்பித் தர முடியும் இடமாகப் பாருங்கள். சிரிம் என்ற தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிகோடர் வீட்டில் இருந்தால், புதிது வாங்கும் முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி துளை இருந்து, மெனுவிலும் பதிவு என்ற சொல் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். துளை இருப்பதால் மட்டும் பதிவாகிவிடாது, சில பெட்டிகளில் அது படம் பார்ப்பதற்கு மட்டுமே.

இரண்டாவது, டிவியிலேயே உள்ள பதிவு வசதி. டிஸ்க் மட்டும் வாங்கினால் போதும் என்பதால் செலவு மிகக் குறைவு. ஆனால் எங்களுக்கு நேர்ந்தது இதில்தான். பெரும்பாலான டிவிகள் பதிவைத் தமக்கே உரிய பூட்டோடு எழுதுகின்றன, வேறு டிவியிலோ கணினியிலோ ஓடாது. முதல் முறை செருகும்போது டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் அழித்தும் விடும், கல்யாணப் படங்கள் இருக்கும் டிஸ்க்கைத் தெரியாமல் செருகிவிடாதீர்கள். நேற்றைய செய்தியை இன்று பார்க்க இது தாராளம். காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதை இதில் நம்பி விடாதீர்கள்.

மூன்றாவது, சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்போடு ஒரு யுஎஸ்பி டியூனர். பதிவு செய்யும் செயலிக்கு விண்டோஸில் நெக்ஸ்ட்பிவிஆர், லினக்ஸில் டிவிஹெட்எண்ட், இரண்டும் இலவசம். இங்கே ஒரு பள்ளம் உண்டு. மலிவாகக் கிடைக்கும் டியூனர்கள் பல பழைய டிவிபி-டி முறையை மட்டுமே பிடிக்கும். உள்ளே ஆர்டிஎல்2832யு என்ற சில்லு மட்டும் இருந்தால் அது அந்த வகை. நமக்கு டி2 வேண்டும், பெட்டியில் டி2 என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி வைத்திருப்பவர்களுக்கு 2018-இல் வந்த டிவி ஹேட் என்ற சிறு பலகை டி2-ஐப் பிடிக்கும், அதை டிவிஹெட்எண்டோடு சேர்த்தால் வீட்டில் எல்லா போனிலும் பதிவைப் பார்க்கலாம். கணினியில் கை வைக்க ஆசை உள்ளவர்களுக்கு இது அருமையான வழி. அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

நான்காவது, எச்டிஎம்ஐ வழியாகப் பிடிக்கும் கேப்சர் பெட்டி. கட்டண டிகோடரிலிருந்து வரும் எச்டிஎம்ஐ-யில் எச்டிசிபி என்ற பூட்டு இருப்பதால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் பதிவாகும். பூட்டை உடைக்கும் சாமான்கள் என்று விற்கப்படுபவை பக்கம் போகவே வேண்டாம்.

ஏரியலில் கஞ்சத்தனம் வேண்டாம்

கையில் இருநூறு வெள்ளி இருந்தால் பலர் நல்ல பெட்டியை வாங்கிவிட்டு, மிச்சச் சில்லறையில் ஓர் ஏரியலை வாங்குகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் பனி கொட்டும், குரல் கேட்கும், சமாளிக்கலாம். டிஜிட்டலில் ஒரு அளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். நேரில் பார்க்கும்போது எழுந்து ஏரியலைத் திருப்பலாம். பதிவு ஓடும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் மொட்டைமாடி ஏரியல்களைப் பாருங்கள், பெரும்பாலும் வடக்கே கெடாவில், ஒளிபரப்புக் கோபுரம் உள்ள குனோங் ஜெராய் மலையைப் பார்த்துத்தான் நிற்கின்றன. 1,217 மீட்டர் உயரம். வானம் தெளிந்த காலையில் கடலுக்கு அப்பால் நீலமாகத் தெரியும். நம் முன்னோர் கடாரம் என்று பாடிய பூஜாங் பள்ளத்தாக்கு அந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அந்த மலை உங்கள் சன்னலிலிருந்து தெரிந்தால் சிறிய ஏரியலே போதும். பினாங்குத் தீவின் மலைகளுக்குப் பின்னால் பாலேக் புலாவில் இருப்பவர்களும், உயரமான பிளாட்டுகளுக்கு நடுவே சிக்கிய தரைவீட்டுக்காரர்களும் ஜெராயைத் தேட வேண்டாம். அக்கம் பக்கத்து ஏரியல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, அவற்றின் குச்சிகள் படுத்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து அதேபோல வையுங்கள்.

பிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை, சன்னலின் இரும்புக் கிரில். எங்கள் வீட்டில் ஏரியலைக் கிரிலுக்கு உள்ளே டிவி மேசை மேல் வைத்திருந்தோம். டிகோடர் காட்டிய சிக்னல் தரம் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே ஏரியலைத் துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில், கிரிலுக்கு வெளியே கட்டியதும் 85-க்குப் போனது. செலவு ஐந்து மீட்டர் ஆர்ஜி6 ஏரியல் கம்பியும் இரண்டு பிளாஸ்டிக் பட்டையும்தான்.

செய்முறை இதோ. டிகோடர் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். பலத்தை விட்டுவிட்டுத் தரத்தைப் பாருங்கள். ஒருவர் ஏரியலை மெல்லத் திருப்ப, இன்னொருவர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் சில வினாடி பொறுங்கள், பெட்டி கணக்குப் போட நேரம் எடுக்கும். நல்ல இடம் கிடைத்ததும் அலைவரிசைத் தேடலை மறுபடி ஓட்டுங்கள். பிறகு மாலையில் ஒருமுறை, மழை பெய்யும்போது ஒருமுறை அதே எண்ணைப் பாருங்கள். பூஸ்டர் பெட்டியைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும், கிட்டத்தில் பலமான சிக்னல் இருந்தால் டியூனரையே திணறடிக்கும். மின்சாரம் வேண்டும் ஏரியல் என்றால் மெனுவில் ஆன்டெனா 5 வோல்ட் என்ற வரியைத் திறந்து வையுங்கள், சாதாரண ஏரியல் என்றால் மூடி வையுங்கள்.

எதில் பதிவு செய்வது?

கணக்கு எளிது. வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் வரும் ஒளிபரப்பு ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிபி பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 64 ஜிபி பென்டிரைவில் சுமார் 28 மணி நேரம், 1 டிபி டிஸ்க்கில் 440 மணி நேரத்துக்கு மேல். தினம் அரை மணிச் செய்தியும் ஒரு நாடகமும் பார்த்து அழிக்கிற வீட்டுக்கு 64 ஜிபி தாராளம்.

பென்டிரைவில் கவனிக்க வேண்டியது எழுதும் வேகம். மலிவானவை சூடேறியதும் வேகம் குறைந்து, பதிவில் நடுநடுவே விக்கல் விழும். 'ஐந்து வெள்ளிக்கு 1 டிபி' என்று வருவதைத் தொடாதீர்கள், உள்ளே இருப்பது அதில் ஒரு துளிதான். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், நீங்கள் திறக்கும் நாள்வரை தெரியாது. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவசக் கருவியால் முழு அளவையும் எழுதிப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க்கில் சிக்கல் மின்சாரம். சாதாரண யுஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் கேட்கும். 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம் வந்து, திரையில் டிஸ்க் தெரிவதும் மறைவதுமாக இருந்தால் அதுதான் காரணம். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவே வைத்தால் சரியாகிவிடும். சுழலும் பாகமே இல்லாத சிறிய எஸ்எஸ்டி டிஸ்க் வாங்க முடிந்தால் சத்தமும் இல்லை, இந்தத் தொல்லையும் பெரும்பாலும் இல்லை.

ஃபார்மெட்டை டிகோடரிலேயே செய்யுங்கள். ஃபேட்32 என்ற ஃபார்மெட் வகையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன கணக்கில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிரம்பிவிடும். விளம்பரத்தோடு மூன்று மணி ஓடும் தமிழ்ப் படம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பெட்டி என்டிஎஃப்எஸ் என்ற வகையை ஏற்றுக்கொண்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற வகையைப் பல பெட்டிகள் அறியாது.

நேரம் குறித்து வைப்பது

மெனுவில் நேர மண்டலம் ஜிஎம்டி +8 என்று இருக்க வேண்டும். இது தவறினால் பதிவெல்லாம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். நிகழ்ச்சி வழிகாட்டியில் பெயரை அழுத்திக் குறிக்கலாம், அல்லது கையால் மணியைக் கொடுக்கலாம். எப்படிச் செய்தாலும் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், முடிவில் பதினைந்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள். நேரடி ஒளிபரப்பானால் ஒரு மணி நேரமே கூட்டுங்கள். தைப்பூச ரதமும் தண்ணீர்மலைக் கூட்டமும் கடிகாரம் பார்த்து நகர்வதில்லை. தினசரி நிகழ்ச்சிக்கு 'தினமும்' அல்லது 'திங்கள் முதல் வெள்ளி' என்ற தேர்வு இருக்கும்.

ஒரே டியூனர் உள்ள பெட்டியில் ஒன்றைப் பதிவு செய்துகொண்டே வேறு அலைவரிசை பார்ப்பது எப்போதும் முடியாது. ஒரே அதிர்வெண்ணில் கட்டாகச் சேர்ந்து வரும் அலைவரிசைகளுக்குள் மட்டும் மாற்றலாம். டிவியிலும் டி2 இருந்தால் ஏரியலை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர் போதும். பெட்டி பதிவு செய்யட்டும், நீங்கள் டிவியின் டியூனரில் பாருங்கள். பிரித்தபின் தர எண்ணை மறுபடி பாருங்கள், கொஞ்சம் குறையும்.

அப்புறம் சுவர் சுவிட்ச். எங்கள் வீட்டில் முதல் வாரம் ஐந்து பதிவில் நான்கு விழவில்லை. பெட்டியைக் குறை சொன்னேன், பென்டிரைவை மாற்றினேன். கடைசியில் அம்மாவிடம் கேட்டபோது, "வேலைக்குப் போறப்ப எல்லா சுவிட்சையும் அடைச்சிட்டுத்தானே போவேன்" என்றார். நாற்பது வருடப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. பெட்டியை ரிமோட்டில் மட்டும் அணைத்துத் தூக்க நிலையில் விட வேண்டும், சுவர் சுவிட்ச் திறந்தே இருக்க வேண்டும். அந்த ஒரு சுவிட்சின் மேல் 'பதிவு, அடைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினோம். அன்றிலிருந்து தவறவில்லை. இடிக்கு அஞ்சி அடைப்பவர்கள் மின்னல் தாங்கும் பிளக் ஒன்றைப் போடுங்கள். இடி மிக அருகில் என்றால் மின் பிளக்கையும் ஏரியல் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள், அன்றைய பதிவு போகட்டும்.

முதல் வாரம் சோதனை வாரம். முக்கியமில்லாத ஒன்றைத் தினமும் பதிவு செய்து, மறுநாள் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியதைப் பிரித்தெடுப்பது

பென்டிரைவில் கிடப்பதைப் பத்திரம் என்று நினைக்காதீர்கள். வைத்துக்கொள்ள வேண்டியதை அந்த வாரமே கணினிக்கு மாற்றுங்கள். லாஸ்லெஸ்கட் என்ற இலவசச் செயலியில் முன்னும் பின்னும் உள்ளதையும் விளம்பரத்தையும் வெட்டினால் தரம் குறையாது, நிமிடத்தில் முடியும். அளவைச் சுருக்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற செயலி, அதற்கு நேரம் எடுக்கும். சுருக்கியதை ஓட்டிப் பார்க்கும் முன் மூல ஃபைலை அழிக்காதீர்கள். பெயரில் தேதியையும் நிகழ்ச்சியையும் எழுதுங்கள், பெட்டி தரும் எண் பெயரை வைத்து மூன்று மாதம் கழித்து ஒன்றும் தேட முடியாது. இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். எங்களிடம் ஒன்று வீட்டிலும் ஒன்று மாமா வீட்டிலும் இருக்கின்றன.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகப் பதிவு செய்ய இடம் தருகிறது. அந்த ஃபைலை இணையத்தில் ஏற்றுவதும், பிரதி எடுத்து விற்பதும், கடையில் போட்டுக் காட்டுவதும் அந்த அனுமதிக்குள் வராது. எல்லா அலைவரிசையும் இலவசம் என்று விற்கப்படும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைக் குறிவைத்து 2022-இல் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது, பதிவுக்காக அவற்றை நாட வேண்டாம்.

கடைக்குப் போகும்போது இவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: ஒரு வாரம் எழுதிய தாள், ஒரு காலி பென்டிரைவ், சன்னலிலிருந்து டிவி வரை அளந்த கம்பி நீளம். நீளத்தோடு ஒரு மீட்டர் கூட்டி வாங்குங்கள், ஏரியலைக் கிரிலுக்கு வெளியே கொண்டுபோகும்போது அது தேவைப்படும்.